ஜாஸ்பர் ஹாக்கின் எந்தப் பக்கம் செத்தார்?

ஜாஸ்பர் ஹாக்கின் செத்தது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே செத்தார் என்பதில்தான் சந்தேகம் வந்தது. அது தீர ஒன்பது மாதம் ஆயிற்று. ஒரு பிள்ளை உருவாகிப் பிறந்தே விடுகிற காலம்.

எங்கள் கார்மின்ஸ்டரில் மெழுகுவத்தி செய்து விற்ற ஒரே ஆள் அவர். மாட்டுக் கொழுப்பை உருக்கி அதில் திரியை முக்கியெடுக்கிற தொழில். அந்த நாற்றத்தோடு தன்னால் படுக்க முடியாது என்று அவர் மனைவி தாமசின் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அதனால் வீடு சந்துக்கு இந்தப் பக்கம், கொழுப்புக் கொட்டகை அந்தப் பக்கம். நடுவே ஒரு சாக்கடை. நீளமாக ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஜாஸ்பர் இருபத்தாறு வருஷமாகத் தினம் பத்துத் தடவை தாண்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமை பாதிதான் தாண்டினார்.

நான் அம்ப்ரோஸ் ட்ரூட். சந்து முனையில் சவரக் கடை வைத்திருக்கிறேன். ஒரு கசாப்புக்காரரின் ஒரு பக்கத் தாடையை மழித்து முடித்திருந்த நேரம், ஜாஸ்பர் எதையோ மென்றபடி வீட்டிலிருந்து வெளியே வந்தார். கையை உயர்த்தினார். எனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நானும் கையை உயர்த்தினேன். அவர் நெஞ்சைப் பிடிக்கப் போயிருக்கிறார். அப்படியே சாக்கடைக்குக் குறுக்கே குப்புற விழுந்தார். நாங்கள் ஓடிப் போய்ப் புரட்டியபோது மூச்சில்லை. நானும் கசாப்புக்காரருமாகத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கட்டிலில் கிடத்தினோம். அக்கம்பக்கத்தார் செய்கிற காரியம் என்றுதான் நினைத்தோம். உடலை அத்துமீறி இடம் மாற்றிய குற்றம் அது என்று பிற்பாடு தெரிந்தது.

உயில் இருந்தது. அவர் கையாலேயே எழுதியது. 'எல்லாம் என் மனைவி தாமசினுக்கு. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.' அவ்வளவுதான். சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் நானும் ஒருவன். இதில் தகராறு வர இடமே இல்லை என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உயில்களைப் பார்ப்பது பிஷப்பின் திருச்சபை மன்றம்; அங்கே கொடுத்து முத்திரை வாங்கினால் கடையைத் திறந்துவிடலாம்; ஒரு வாரம் ஆகும்.

தாமசினோடு துணைக்கு நானும் போனேன். பிஷப் மன்றம் பேராலயத்தின் தென்மேற்கு மூலையில், பலகை அடைத்த ஒரு தடுப்புக்குள் நடக்கும். பதிவாளர் கிராஸ்வெல் எங்களை உட்காரச் சொன்னார். சிவந்த முகம், மென்மையான குரல். உயிலை வாசித்துவிட்டு வெகுநேரம் வருத்தப்பட்டார்.

"இந்தாம்மா, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. நாங்க விதவைகளுக்காகத்தான் இருக்கோம். விதவைகள் இல்லாட்டி இந்த மன்றமே இல்ல. அதனால ஒரு விதவையையும் நாங்க சீக்கிரத்துல விட்டுடறதில்ல."

தாமசின் நன்றி சொன்னாள். பிறகு ஜாஸ்பர் எங்கே செத்தார் என்று பதிவாளர் கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். கிராஸ்வெல்லின் பேனா நின்றது.

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது: அந்தச் சாக்கடை வெறும் சாக்கடை அல்ல. அதற்கு இந்தப் பக்கம் பிஷப்பின் அதிகாரம். அந்தப் பக்கம் பதினோரு வீடும் ஒரு குட்டையும் ஒரு பன்றிக் கொட்டிலும் பேராலயத் தலைமைக் குருவான டீனின் அதிகாரம். எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு ராஜா ஏதோ ஒரு டீனுக்கு நன்றிக்கடனாகக் கொடுத்தது. டீனுக்கு என்று தனியாக ஒரு மன்றம், தனியாக ஒரு நீதிபதி, தனியாக ஒரு முத்திரை.

அந்த நீதிபதி டாக்டர் ப்ளாம். புனித பெட்ராக் சிற்றாலயத்தில் பாதிரிமார் அங்கி மாற்றும் அறைதான் அவருடைய மன்றம். நாங்கள் போனபோது மேஜை மீதிருந்த தூசியைத் தன் கைக்குட்டையாலேயே தட்டிக்கொண்டிருந்தார். தாமசினைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. ஒன்பது வருஷமா என் எல்லையில ஒரு உயில் வரல. எல்லாம் நல்லா சாப்பிடுற ஜனங்க, சாகவே மாட்டேங்குறாங்க. இந்த மன்றம் எதுக்குன்னு பிஷப் ஆளுங்க கேலி பேசினாங்க. உங்க வீட்டுக்காரரு புண்ணியவான். சரியான நேரத்துல வந்து விழுந்திருக்காரு."

"பாதிதான்யா உங்க பக்கம் விழுந்தாரு" என்றாள் தாமசின்.

"எந்தப் பாதி?"

"தலை."

டாக்டர் ப்ளாம் கண்ணை மூடிக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அந்த வாரமே இரண்டு மன்றங்களும் ஆள் அனுப்பின. முதலில் பிஷப் ஆள் வந்து கொட்டகைக் கதவில் சிவப்பு அரக்கு வைத்துவிட்டுப் போனான். மறுநாள் டீன் ஆள் வந்து அதற்குப் பக்கத்திலேயே கறுப்பு அரக்கு வைத்தான். பிறகு இருவரும் வீட்டுக்குள் வந்து பெட்டிக்கும் அலமாரிக்கும் வைத்தார்கள். தாமசின் உள்ளே இருக்கும் தன் சட்டுவத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குக் கிராஸ்வெல் அவளைக் கூப்பிட்டுப் பரிவோடு எச்சரித்தார். மன்றம் முத்திரை போடும் முன்னால் செத்தவர் பொருளில் யார் கை வைத்தாலும், அது ஒரு துண்டுத் திரியாகவே இருந்தாலும், அவர் தானாக வலிய வந்து அந்தச் சொத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆகிவிடுவார். செத்தவர் யாருக்கெல்லாம் என்ன தரவேண்டுமோ அதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய பெரிய ஆட்களையே இந்தச் சட்டம் தெருவில் நிறுத்தியிருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

விசாரணை ஆரம்பித்தது. என்னையும் கசாப்புக்காரரையும் இரண்டு மன்றங்களிலும் சத்தியம் செய்ய வைத்து விசாரித்தார்கள். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம், இடுப்பு எங்கே. சாக்கடையில் அன்று எவ்வளவு தண்ணீர் ஓடியது. பிஷப் தரப்பு வழக்கறிஞர் லத்தீனில் அரை மணி நேரம் பேசினார். முடிவில் எங்களுக்காக அதன் சாரத்தைச் சொன்னார்: மனிதன் பூமியில் இருப்பது காலால், தலை சும்மா முன்னால் போய்க்கொண்டிருந்தது, அது எங்கே போகிறது என்பது வேறு, அவர் எங்கே இருந்தார் என்பது வேறு. டீன் மன்றத்தில் டாக்டர் ப்ளாம் வழக்கறிஞரை வைக்கவில்லை, அவரே பேசிக்கொண்டார். உயிர் போகிற வழி வாய். வாய் எங்கள் பக்கம். காலால் இதுவரை எந்தக் கிறிஸ்தவனும் உயிரை விட்டதில்லை.

எங்களைக் கேட்ட கடைசிக் கேள்வி, உடலை இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது யார் என்பது. யாரும் சொல்லவில்லை என்றேன். டாக்டர் ப்ளாம் எழுத்தரைப் பார்த்து, "பிஷப் ஆளுங்க தூண்டுதலா இருக்கலாம்னு எழுதிக்கோ" என்றார்.

மே போய் ஜூன் வந்தது. கொட்டகைக்குள் பதினான்கு தொட்டிக் கொழுப்பு அடைபட்டுக் கிடந்தது. வெயில் ஏற ஏற அந்த நாற்றம் சந்தைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, பிஷப் மாளிகைத் தோட்டம்வரை போயிற்று. என் கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதால் மீசையை மழிக்க முடியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை. கொழுப்பை மட்டுமாவது வெளியே எடுத்துவிட அனுமதி கேட்டுத் தாமசின் இரண்டு மன்றங்களுக்கும் மனுக் கொடுத்தாள். இரண்டும் ஒப்புக்கொண்டன. ஆனால் எடுப்பதற்கு முன்னால் மற்ற மன்றத்தின் அரக்கை உடைக்க மற்ற மன்றத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றன. சம்மதம் கேட்டால் மற்ற மன்றம் இருப்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று இருவருமே கேட்கவில்லை.

தாமசினும் அவள் மகள் லெட்டிஸும் ஊர்த் துணிகளை வாங்கித் துவைத்துப் பிழைத்தார்கள். லெட்டிஸுக்குப் பத்தொன்பது வயது. சேணம் தைப்பவர் மகன் லூவினோடு அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அந்தப் பெண் திரி முக்குவதில் அப்பாவையே மிஞ்சுவாள்; ஒரே கோலில் பதினெட்டுத் திரி, ஒன்றுகூட வளையாது. இப்போது விடிந்ததிலிருந்து சத்திரத்துப் படுக்கை விரிப்புகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையே இன்னொரு சங்கடம். இரண்டு மன்றங்களும் கூடுவது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தாமசின் ஒரு வாரம் இங்கே போனாள், ஒரு வாரம் அங்கே போனாள். போகாத வாரமெல்லாம் பெயரை மூன்று தடவை கூவி, வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு மன்றம் நேரத்தை மாற்றக் கூடாதா என்று கேட்டாள். முன்னூறு வருஷமாக அதே நேரம், மாற்ற வேண்டுமென்றால் மற்றவர்கள் மாற்றட்டும் என்று இரண்டு இடத்திலும் ஒரே பதில். ஆகஸ்டில் பிஷப் மன்றம் பொறுமை இழந்தது. சம்மனை மதிக்காத பிடிவாதக்காரி என்று சொல்லி அவளைச் சபையிலிருந்து விலக்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிரியார் அந்த உத்தரவை வாசித்தார். தாமசின் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு எழுந்து லெட்டிஸின் தோளைத் தொட்டு, நீ இரு என்பது போலத் தலையசைத்துவிட்டு, தனியாக வெளியே நடந்தாள். காலணிச் சத்தம் கதவுவரைக்கும் கேட்டது.

சபை விலக்கு பெற்றவரோடு கொடுக்கல் வாங்கல் கூடாது. ரொட்டிக்காரர் நல்ல மனிதர்தான். அவளைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலில் ரொட்டியை வைப்பார். சத்திரத்துக்காரர் துணிகளை நிறுத்திவிட்டார். லூவினின் அப்பா ஒருநாள் வந்து சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்று, பையன் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். லூவின் யோசித்து முடித்தபோது வேறொரு பெண்ணின் கையைப் பிடித்திருந்தான். லெட்டிஸ் அழவில்லை. அவள் கல்யாணத்துக்கென்று அப்பா செய்து வைத்த பெட்டி இரண்டு அரக்குகளோடு மூலையில் கிடந்தது. அதன் மேல் ஈரத் துணியைக் காயப்போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தாமசினோடு மறுபடி கிராஸ்வெல்லைப் பார்க்கப் போனேன். பேராலயத்துக்குள் அவள் நுழையக் கூடாதென்பதால் அவர் தயவு பண்ணிக் கதவருகே வந்தார்.

"இது ஒரு பெரிய விஷயமே இல்லம்மா. விலக்கை நீக்கச் சொல்லி ஒரு மனு கொடுங்க, போதும்."

"எங்கய்யா கொடுக்கணும்?"

"மன்றத்துல. நீங்களே நேர்ல வந்து."

"மன்றம் உள்ளதானே இருக்கு?"

"ஆமா."

"நான் உள்ள வரலாமா?"

"விலக்கு இருக்கிறவரைக்கும் வரக் கூடாது."

"அப்ப விலக்கு எப்படி நீங்கும்?"

"மனு கொடுத்தா நீங்கிரும்" என்றார் கிராஸ்வெல். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த எடத்துலதான் பல பேரு குழம்பிப்போறாங்க" என்றார்.

தாமசின் என்னைப் பார்த்தாள். அவளை அத்தனை வருஷம் தெரிந்த எனக்கே அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒரு வழி பண்ணினார்கள். அவள் வாசல் மண்டபத்தில் நிற்பாள். நீதிபதி கேட்பதை நான் வந்து அவளிடம் சொல்லி, அவள் சொல்வதைப் போய் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். அங்கிருந்து நீதிபதி வரை நடந்தால் நூற்றுப் பன்னிரண்டு எட்டு. அன்று மழை. பெயர் என்ன என்று கேட்கப் போனேன், வந்தேன். எந்தத் தெரு என்று கேட்கப் போனேன், வந்தேன். வருந்துகிறாயா என்று கேட்கப் போனேன்.

"எதுக்குன்னு கேளுங்க, அம்ப்ரோஸ்" என்றாள்.

நான் பாதி வழியில் நின்று யோசித்துவிட்டு, அவள் மிகவும் வருந்துவதாக உள்ளே போய்ச் சொன்னேன். வேதப் புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். புத்தகம் மன்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நீண்ட கைப்பிடி போட்ட காணிக்கைப் பெட்டியின் மேல் அதை வைத்துக் கட்டி, கைப்பிடியை வாசலுக்கு உள்ளே நின்று ஒரு சேவகன் பிடித்துக்கொள்ள, பெட்டியை அவள் முகத்தருகே நீட்டினார்கள். அவள் முத்தமிட்டாள். கிராஸ்வெல் இந்த ஏற்பாட்டைப் பற்றி ரொம்பவும் திருப்தியோடு பேசினார். இதற்கு முன்னுதாரணம் இல்லை, இனிமேல் இதுதான் முன்னுதாரணம் என்றார்.

விலக்கு நீங்கியது. வழக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

நவம்பரில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். அதுவும் பேராலயத்தின் அந்த மூலையில் பத்து மணிக்கே விளக்கு வேண்டும். அந்த வருஷம் மழை வெள்ளம் ஆற்றின் கீழ்ப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி வரவில்லை. கார்மின்ஸ்டரில் இருந்த மெழுகுவத்தி முழுவதும் ஜாஸ்பரின் கொட்டகையில், போன குளிர்காலத்தில் செய்தது, பெட்டி பெட்டியாக அடுக்கியபடி இருந்தது. பலிபீடத்து மெழுகுவத்திகளைக் கேட்டுப் பிஷப் மன்றம் ஆள் அனுப்பியது. அவை டீனின் பொறுப்பு; வழிபாட்டுக்கு மட்டும்தான் என்று டீன் சொல்லிவிட்டார். இரண்டு வியாழக்கிழமை நீதிபதி வந்து உட்கார்ந்து, எழுத்தரால் தன் கையையே பார்க்க முடியாததால், வெளிச்சம் இன்மையால் ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதச் சொன்னார். அதையும் எழுத முடியவில்லை.

மூன்றாவது புதன்கிழமை கிராஸ்வெல் தாமசின் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு பெட்டி மெழுகுவத்தி வேண்டும் என்றார்.

"கடை மூடியிருக்குங்க" என்றாள் தாமசின்.

"தெரியும்மா. மன்ற வேலைக்குத்தான் கேக்குறோம். உங்க வழக்குக்காகவே."

"பூட்டு போட்டது நீங்க. தெறக்குறதும் நீங்களே பாத்துக்கங்க."

அவர் திறந்தார். சிவப்பு அரக்கைத் தன் பேனாக்கத்தியால் மரியாதையாக எடுத்தார், கறுப்பு அரக்கை அத்தனை மரியாதை இல்லாமல் எடுத்தார். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த நாற்றத்தில் நாலடி பின்வாங்கினார். பிறகு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், ஒரு பெட்டியைத் தோளில் தூக்கி வெளியே வந்தார். அதே நேரத்தில் டீன் மன்றத்துச் சம்மன்காரன் சந்துக்குள் வந்துகொண்டிருந்தான். தாமசின் ஏற்பாடு செய்ததா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அவனுக்கு என் கடையில் சவரம் பாக்கி இருந்தது என்பது மட்டும் தெரியும். வரச் சொன்னதும் நான்தான்.

டாக்டர் ப்ளாம் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. கிராஸ்வெல் செத்தவர் பொருளில் கை வைத்திருக்கிறார். ஆகவே வலிய வந்து ஜாஸ்பர் ஹாக்கின் சொத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். அவருக்குச் சம்மன் போயிற்று. கிராஸ்வெல் வரவில்லை, வியாழன் காலை பத்து மணிக்கு அவருக்கு வேறு மன்றத்தில் வேலை. மூன்று தடவை பெயரைக் கூவினார்கள். பதிவாளர் கிராஸ்வெல்லை டீன் மன்றம் சபையிலிருந்து விலக்கியது.

அன்று மாலையே கசாப்புக்காரரும் கோதுமை வியாபாரியும் ஜாஸ்பரிடமிருந்து வர வேண்டியதைக் கேட்டுக் கிராஸ்வெல் வீட்டு வாசலில் நின்றார்கள். சட்டம் அறிந்த ஒரு திரி வியாபாரி வெளியூரிலிருந்து ஆற்றை நீந்திக்கூட வந்துவிட்டான்.

மறுநாள் பிஷப் தரப்பு நீதிபதியும் டாக்டர் ப்ளாமும் சத்திரத்து மாடியில் வாத்து வறுவல் சாப்பிட்டார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொடாதவர்கள். முதல் தட்டு முடிவதற்குள் சாக்கடையின் நடுக்கோடு எல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். புட்டிங் வருவதற்குள் வீட்டுக்குப் பிஷப்பும் கொட்டகைக்கு டீனும் முத்திரை போடுவது என்று முடிவாயிற்று. இரண்டு முத்திரைக்கும் கிராஸ்வெல் பெட்டியைத் தூக்கியதற்கு முந்தின நாள் தேதி. மெழுகுவத்தியை உரிமையுள்ள விதவையே கொடுத்ததாக ஒரு வரி சேர்த்தார்கள். மார்ச்சிலிருந்து முடியாதது ஒரு வாத்தில் முடிந்தது.

கிராஸ்வெல்லே இரண்டு தோல் பத்திரங்களையும் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்திருந்தார்.

"பாத்தீங்களாம்மா, பொறுமையா இருந்தா நீதி கெடைக்கும்னு நான் அப்பவே சொன்னேன். எங்களால உங்களுக்கு ரெண்டு முத்திரை. இந்த ஊர்ல யாருக்கும் கெடைச்சதில்ல."

தாமசின் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்றவரை உட்காரச் சொல்லவில்லை.

கொட்டகையில் பதினான்கு தொட்டியும் பச்சைபிடித்துப் புழுத்திருந்தன. தாயும் மகளும் மூன்று நாள் அவற்றைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். செப்பு அண்டாவைத் தேய்த்துச் சுத்தம் பண்ண இன்னும் ஒரு வாரம். மீதிப் பெட்டிகளை விற்றுப் புதுக் கொழுப்பு வாங்கினார்கள். லெட்டிஸ் மறுபடி கோலைப் பிடித்தாள். முதல் நாள் பதினெட்டில் ஐந்து வளைந்துவிட்டன. சோப்புத் தண்ணீரில் ஊறிய கை இன்னும் பழைய பதத்துக்கு வரவில்லை என்றாள். லூவினின் கல்யாணத்துக்கும் அவர்களிடம்தான் மெழுகுவத்தி வாங்கினார்கள். அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் தாமசின் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பத்திரம் எழுதுகிறவரை வரவழைத்திருந்தாள். சாட்சிக்கு நான் வேண்டுமாம். இன்னொரு உயிலா என்று பயந்துகொண்டே போனேன். உயில் இல்லை. வீடு, கொட்டகை, அண்டா, கட்டில், போர்வை, உடுத்தியிருக்கும் உடுப்பு உட்பட எல்லாவற்றையும் அன்றைய தேதியிலேயே மகளுக்குத் தானமாகக் கொடுக்கிறாள். சாகும்போது தன் பெயரில் ஒரு துண்டுத் திரிகூட இருக்கக் கூடாது. இருந்தால்தானே முத்திரைக்கு வருவார்கள்.

பத்திரக்காரர் வயதானவர், பல குடும்பங்களைப் பார்த்தவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு நல்லது சொல்லப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுக்கங்கம்மா. இதுல கையெழுத்து போட்டா அப்புறம் உங்களுக்குன்னு ஒண்ணும் இருக்காது. நாளைக்கே உங்க பொண்ணு வெளிய போன்னா போக வேண்டியதுதான். கேக்க ஒரு மன்றம் கெடையாது."

தாமசின் சந்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கொட்டகைப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

"சொன்னா போய்க்கறேன்யா" என்றாள். "எம் பொண்ணு போன்னா, எனக்குப் புரியுற மாதிரி ஒரே தடவை சொல்லுவா."

பேனாவை எடுத்துத் தன் பெயருக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி போட்டாள். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.